காலியாக விட்ட கட்டம்

தையல்காரர் கண்ணாடியைக் கழற்றி கவுண்டர் மேல் வைத்தார். வைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, சண்டைக்கு வந்திருக்கிறார்.

"நேராத் தைக்கிறேன், கோணலாத் தெரியுது. கோணலாத் தைச்சா நேராத் தெரியுது. நான் எதை நம்பட்டும்? கையையா, கண்ணையா?"

"புதுக் கண்ணாடிண்ணே. பழக ரெண்டு நாள் ஆகும்" என்றாள் கவுண்டர் அக்கா.

"பன்னெண்டு நாளாச்சு. தலைவலிதான் பழகியிருக்கு."

அக்கா கண்ணாடியை எடுத்து, கவுண்டருக்குப் பின்னால் இருந்த அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனை ஜாடையால் கூப்பிட்டாள். அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. ஆனால் கடையில் எல்லோருக்கும் அவன் "சிஸ்டம்"தான். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எது நின்றாலும் "சிஸ்டம், இங்க வாங்க" என்பார்கள். மின்விசிறி நின்றாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

அவன் வந்து கருவிக்குள் பார்த்தான். வலது லென்ஸில் சிலிண்டர், அதாவது கண்ணின் கோணலைச் சரிசெய்யும் எண், ஒன்றே கால்; அது திரும்பியிருக்கும் அச்சு எழுபது. தையல்காரரின் கண் பரிசோதனைச் சீட்டில் சிலிண்டரே கிடையாது. சாதாரண பவர் எண் மட்டும்தான். இல்லாத கோணலைச் சரிசெய்யும் லென்ஸைப் போட்டால் நேராக இருப்பதெல்லாம் கோணலாகத் தெரியும். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அதிசயம் வேறு இடத்தில் இருந்தது. ஏழெட்டு மாதத்தில் இது பதினொன்றாவது புகார்.

அவன் தன் அறைக்குப் போய், தையல்காரரின் ஆர்டர் எண்ணைத் தட்டி, பின்னறையில் லென்ஸ் அரைப்பதற்கான சீட்டை மறுபடி அச்சடித்தான். சிலிண்டர்: பூஜ்யம். அச்சு: பூஜ்யம். மற்ற பத்துப் பேருக்கும் இப்படித்தான் வந்திருந்தது. சீட்டு சரி, லென்ஸ் தப்பு.

முதலாளியம்மா அந்தச் சீட்டை வாங்கி இரண்டு தரம் படித்தார். இரண்டே வரிதான் அதில்.

"சீட்டு சரியா இருக்கு. லென்ஸ் தப்பா இருக்கு. நடுவுல யாரு இருக்கா?"

நடுவில் இருப்பது ஒரே ஒரு ஆள். பின்னறையில் லென்ஸ் அரைப்பவன். சிஸ்டத்தின் மச்சான், மனைவியின் அண்ணன்.

"ஒழுங்காத்தான் இருந்தான். தங்கச்சி போனதுலேர்ந்து மனசு ஒரு இடத்துல இல்ல. எனக்குப் புரியாம இல்ல. ஆனா கண்ணு விஷயம்ப்பா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலைய விட்டு நிறுத்தி லெட்டர் குடுத்துடப் போறேன். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்கம்மா" என்றான்.

எதற்கு அவகாசம் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. காப்பாற்றுவதற்கா, கையும் களவுமாகப் பிடிப்பதற்கா?

*

மச்சான் அந்தப் பின்னறையில் பதினான்கு வருடமாக இருக்கிறான். படித்து முடித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த சிஸ்டத்தை இந்தக் கடைக்குக் கூட்டிவந்தது மச்சான்தான். ஒரு வருடம் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தங்கையைக் கொடுத்ததும் அவன்தான். வேலையும் கொடுத்தான், பெண்ணும் கொடுத்தான். வேலை இன்னும் இருக்கிறது. அவள் இறந்துபோய் ஒன்பது மாதம்.

லென்ஸ் அறையில் ஒரே இரைச்சல். அரைக்கும் எந்திரத்தின் மேல் வெள்ளைத் தண்ணீர் ஓயாமல் ஊற்றிக்கொண்டே இருக்கும். அரைத்ததை ஒத்துப்பார்க்கத் தனியாக ஒரு பெண் இருந்தாள். போன வருடம் கல்யாணமாகிப் போய்விட்டாள். அதற்கப்புறம் அரைப்பதும் அவன்தான், சரிபார்ப்பதும் அவன்தான்.

"மச்சான், அந்தத் தையல்காரர் லென்ஸு..."

"சீட்டுல இருந்ததைத்தான் அரைச்சேன்."

"சீட்டு எங்க?"

மச்சான் எந்திரத்துக்குக் கீழே இருந்த வாளியைக் காலால் தள்ளிக் காட்டினான். நனைந்த காகிதம் கூழாகிக் கிடந்தது.

"கைய விட்டுத் தேடு மாப்ள. கிடைச்சா எனக்கும் சொல்லு."

"நான் இப்பதான் அடிச்சுப் பாத்தேன். சீட்டுல பூஜ்யம்னு வருது."

"அப்ப உன் சீட்டு ரெண்டு நாக்கு வச்சிருக்கு."

"சீட்டு எப்படி மச்சான் மாறும்?"

"அது உனக்குத் தெரியணும். நீதான சிஸ்டம்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்பும் கணக்கில் சேர்ந்துவிட்டது. சந்தேகம் வந்துவிட்டால் மனிதன் தும்மினாலும் சாட்சியாகத்தான் தெரியும். மச்சான் இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போகிறான். முன்பு போனதில்லை. எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரைப் பார்த்தபடி நிற்கிறான். பின்னறையில் எப்போதும் பாடிக்கொண்டிருந்த ரேடியோ ஒன்பது மாதமாக வாய் திறக்கவில்லை.

கவுண்டர் அக்கா மறுநாள் அவன் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள். "சொல்லக் கூடாதுதான் தம்பி. நெருப்பில்லாம புகையுமா? அன்னிக்கு நான் உள்ள போறேன், அவரு கையில லென்ஸை வச்சுக்கிட்டுத் தனியாப் பேசிட்டிருக்காரு."

"யார்கிட்ட?"

"அதானே பயமா இருக்கு. யாருமே இல்ல."

அவன் அக்காவையும் விடவில்லை. அவள் தப்பாகத் தட்டியிருப்பாளோ என்று பதினொரு ஆர்டரையும் பரிசோதனைச் சீட்டோடு ஒத்துப்பார்த்தான். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. யாராவது உள்ளே புகுந்து எண்ணை மாற்றிவிட்டு மறுபடி பழையபடி வைக்கிறார்களா என்று பதிவேட்டைத் தோண்டினான். ஒரு கைத்தடமும் இல்லை. மிச்சம் இருந்தது மச்சான் ஒருவன்தான். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை.

*

கடையின் கணக்கு ஓடும் விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். மூன்று கிளைகளிலிருந்தும் வரும் ஆர்டர்கள் ஒரே தரவுத்தளத்தில் சேரும். காலை எட்டு மணிக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஓட்டுவார்கள். தரவுத்தளத்துக்கு லென்ஸ் அரைக்கத் தெரியாது. அதனால் அங்கே உள்ள ஒரு ஃபங்ஷன், ஒவ்வொரு ஆர்டரின் எண்களையும் எடுத்து, வெளியே சி மொழியில் எழுதி வைத்திருக்கும் ஒரு புரோகிராமின் கையில் கொடுக்கும். அந்தப் புரோகிராம் கணக்குப் போட்டு, எந்தக் கோணத்தில் எவ்வளவு அரைப்பது என்று விடை தரும். அது சீட்டாக அச்சாகும். சீட்டு தட்டில் விழும், தட்டு பின்னறைக்குப் போகும். விடையை எங்கும் சேமிப்பதில்லை. எப்போது கேட்டாலும் புதிதாகக் கணக்குப் போட்டுக் கொடுக்கும்.

புதன்கிழமை காலையிலிருந்து அவன் ஒரு காரியம் செய்தான். ஒரே ஓட்டத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு பிரதி அச்சடித்தான். ஒன்று தட்டுக்குப் போயிற்று. மற்றொன்று அவன் மேஜை இழுப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. மச்சான் சாப்பிடப் போனதும் பின்னறைக்குள் நுழைந்து, அரைத்து வைத்த லென்ஸ்களை ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்து அளந்தான். வாசலில் நிழல் தெரிந்தால் மின்விளக்கைப் பார்ப்பதுபோல நின்றான். சொந்த மச்சான் அறைக்குள் திருடனைப்போல நிற்கிறோமே என்று தோன்றவேண்டும். தோன்றவில்லை. சில நாட்களாகவே அவனுக்கு அப்படி எதுவும் தோன்றுவதில்லை.

புதன் சரியாக இருந்தது. வியாழன் மதியம், நாற்பத்தோராவது தட்டு. ஒரு பஸ் கண்டக்டரின் கண்ணாடி. பரிசோதனைச் சீட்டில் சிலிண்டர் இல்லை. லென்ஸில் சிலிண்டர் இரண்டு, அச்சு நூற்றறுபத்தைந்து.

பிடிபட்டான், என்று நினைத்தான்.

அறைக்கு வந்து இழுப்பறையைத் திறந்து, நாற்பத்தோராவது பிரதியை உருவினான்.

சிலிண்டர் இரண்டு. அச்சு நூற்றறுபத்தைந்து.

சீட்டில் இருந்ததைத்தான் மச்சான் அரைத்திருக்கிறான். பதினொரு தரமும் அதையேதான் சொன்னான்.

கண்டக்டரின் சீட்டை மட்டும் தனியாக மறுபடி அச்சடித்தான். பூஜ்யம், பூஜ்யம். காலையில் ஒரு பேச்சு, மதியம் ஒரு பேச்சு. உண்மையிலேயே இரண்டு நாக்கு.

அப்போதும் புத்தி முதலில் அடுத்தவன் பக்கம்தான் ஓடியது. அந்த சி புரோகிராமுக்குள் கணக்கைப் போடும் பகுதியை, கம்ப்யூட்டர்காரர்கள் நூலகம் என்பதை, எந்திரம் விற்ற கம்பெனிக்காரன் கொடுத்தான். அதில் ஓட்டை இருக்கும். அவன் எண்களை நேராக அந்த நூலகத்துக்கே கொடுத்துப் பார்த்தான். எத்தனை தரம் கொடுத்தாலும் சரியான விடை. கம்பெனிக்காரன் தப்பித்தான்.

மிச்சம் இருந்தது நடுவில் உள்ள பாலம். தரவுத்தளத்திலிருந்து எண்ணை வாங்கி நூலகத்திடம் கொடுக்கும் நூற்றுச் சொச்சம் வரிகள். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். கொடுக்கும் வரிசையும் வாங்கும் வரிசையும் ஒன்றா? ஒன்றுதான். வரிசை மாறியிருந்தால் எல்லோருக்கும் தப்பியிருக்கும். கொடுக்கும் எண்ணின் வகையும் வாங்கும் எண்ணின் வகையும் ஒன்றா? ஒன்றுதான். பிறகு, நாற்பதாவது ஆர்டரையும் நாற்பத்தொன்றையும் சேர்த்து ஓட்டினான்.

நாற்பதாவது ஆள் ஒரு கல்லூரி மாணவி. சிலிண்டர் இரண்டு, அச்சு நூற்றறுபத்தைந்து. அவளுடைய சொந்த எண். அடுத்து வந்த கண்டக்டருக்கும் அதே எண்.

கண்டக்டருக்கு முன்னால் வேறொருவரை வைத்து ஓட்டினான். அந்த வேறொருவரின் எண் கண்டக்டருக்கு வந்தது. கண்டக்டரை முதலாவதாக வைத்தான். பூஜ்யம்.

கண்டக்டர் பேரில் சிலிண்டர் கட்டத்தைத் திறந்து பார்த்தான். அதில் பூஜ்யம் இல்லை. ஒன்றுமே இல்லை. காலி.

புரிந்துவிட்டது. தரவுத்தளம் ஒவ்வொரு மதிப்பையும் ஒரு கிண்ணத்தில் போட்டுத் தரும். கூடவே "இருக்கு" அல்லது "இல்லை" என்று ஒரு துண்டுச் சீட்டும் தரும். வாங்குபவன் முதலில் துண்டைப் பார்க்கவேண்டும். "இல்லை" என்றிருந்தால் கிண்ணத்தில் கை வைக்கக் கூடாது, ஏனென்றால் யாரும் அதைக் கழுவி வைக்கவில்லை. முந்தைய ஆள் மிச்சம் வைத்தது அப்படியே கிடக்கும். இந்தப் புரோகிராம் துண்டை வாங்கிக்கொண்டது, பார்க்கவில்லை. நேராகக் கிண்ணத்தில் கையை விட்டது. தனியாக ஓட்டினால் கிண்ணம் புதிது, அதனால் பூஜ்யம். வரிசையில் ஓட்டினால் எச்சில்.

முன்பெல்லாம் காலியாக விடவே முடியாது. சிலிண்டர் இல்லையென்றால் எல்லோரும் பூஜ்யம் என்று தட்டுவார்கள். மூன்று கிளைக்கும் மாறி மாறிப் போகும் புது கண் டாக்டர் ஒருத்தி வந்து, "பூஜ்யம்னா அளந்து பாத்து இல்லைன்னு அர்த்தம். அளக்கவே தேவைப்படலைன்னா நான் எதுக்குப் பூஜ்யம் போடணும்? காலியா விட வழி பண்ணுங்க" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. யாரோ வழி பண்ணியிருக்கிறார்கள். படிவத்தை மாற்றி, தரவுத்தளத்தை மாற்றி, துண்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லிவிட்டு, வாங்கும் இடத்தில் அதைப் பார்க்கச் சொல்ல மறந்திருக்கிறார்கள்.

கோப்பின் தலையில் தேதியும் எழுதியவன் பேரும் இருந்தன. அவனுடைய பேர், பெற்றவர்கள் வைத்த பேர். தேதி, மனைவியின் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள்.

அந்த வரிகளை எழுதிய ஞாபகமே அவனுக்கு இல்லை. அந்த வாரத்தைப் பற்றியே ஒன்றும் ஞாபகம் இல்லை.

*

சரிசெய்ய மூன்று வரி போதும். எழுதினான். இரண்டு பேரைச் சேர்த்து ஓட்டினான். பூஜ்யம் வந்தது. எழுபது பேரைச் சேர்த்து ஓட்டினான். சரியாக வந்தது.

இத்தோடு வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. புகார் நின்றுவிடும். முதலாளியம்மாவிடம் நாளைக்குக் கொஞ்சம் கெஞ்சினால் லெட்டரையும் நிறுத்திவிடலாம். கண்டித்ததால் திருந்திவிட்டான் என்று மச்சானுக்கு ஒரு பேர். அவனுக்கு ஒரு பேரும் இல்லை. இதைவிடச் சுலபமான வழி இருக்க முடியாது. சுலபமாக இருப்பதுதான் அவனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. இத்தனை நாள் எல்லோரையும் சந்தேகப்பட்டு ஆயிற்று. கடைசியில் அது வீட்டுக்கே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியம்மாவின் மேஜை மேல் இரண்டு சீட்டுகளையும் வைத்தான். கிண்ணம், துண்டு எல்லாம் சொன்னான். அவர் கெட்டிக்காரி. பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

"அப்ப எழுதினது..."

"நான்தான்மா."

அவர் தேதியைப் பார்த்தார். முகம் இளகியது.

"பாவம்ப்பா. நீ அப்ப இருந்த இருப்புக்கு வேலைக்கு வந்ததே பெரிசு. விட்டுத் தள்ளு. மெஷின் கம்பெனி புரோகிராம்ல கோளாறுன்னு சொல்லிக்கலாம். உன் பேர் எதுக்கு அடிபடணும்?"

"அவரும் அதே இருப்புலதான்மா இருந்தாரு."

"யாரு?"

"மச்சான். செத்தது அவரு தங்கச்சி. மனசு ஒரு இடத்துல இல்லைன்னு அவருக்கு லெட்டர் எழுதினீங்க. எனக்கு அதையே சொல்லிப் பாவம்ங்கறீங்க. அவருக்குக் குத்தம், எனக்குச் சாக்கா?"

முதலாளியம்மாவிடம் அவன் இத்தனை வார்த்தை பேசி ஒன்பது மாதம் ஆகியிருக்கும். அவர் இழுப்பறையிலிருந்து அந்த லெட்டரை எடுத்தார். கிழிக்கவில்லை. அவன் கையில் கொடுத்தார்.

"நான் எழுதினது தப்புதான். அவன்கிட்ட நீயே குடுத்து, நீயே சொல்லு. அப்புறம் நானும் வந்து சொல்றேன்."

*

மச்சான் லெட்டரை ஈரக்கையோடு வாங்கி, எந்திரத்தை நிறுத்திவிட்டுப் படித்தான். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். அப்புறம் அவன் சொன்னதையெல்லாம் கேட்டான். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே சரியில்லை. மச்சான் குறுக்கே பேசாத பேச்சு ஊரில் கிடையாது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றான் கடைசியில்.

பத்து வருடமாக "நீ"தான். அந்த "ங்க" எங்கேயோ போய்க் குத்தியது.

"சீட்டு ரெண்டு காப்பி அடிச்சேன். ஒண்ணை வச்சுக்கிட்டேன்."

"எதுக்கு ரெண்டு?"

அவன் வாளியைப் பார்த்தான்.

"என்னைப் பிடிக்கவா?"

"ஆமா மச்சான்."

"நான் சாப்பிடப் போனப்ப உள்ள வந்தீங்களா?"

"ரெண்டு நாள் வந்தேன்."

"தெரியும். விளக்கை அப்படி அண்ணாந்து பாக்கற ஆளு நீங்க இல்ல." மச்சான் ஈரக்கையைத் துணியில் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். "சரி, நானும் சொல்லிடறேன். நீங்கதான் ஏதோ பண்றீங்கன்னு நெனச்சேன்."

"நானா?"

"எனக்கு அவ ஜாடை. எல்லாரும் சொல்றாங்க. நீங்க என்னைப் பாத்துப் பேசறதே இல்ல. சுவத்தைப் பாத்து, வாளியைப் பாத்துப் பேசறீங்க. இந்த மூஞ்சியப் பாக்க முடியாம என்னை வெளிய அனுப்பத்தான் சீட்டை மாத்தறீங்கன்னு நெனச்சேன். அதான் வெளிய போய்ச் சாப்பிட்டேன். உங்களுக்கும் சௌகரியமா இருக்கட்டும்னு."

அவன் அப்போதும் வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கினான். அவளுடைய புருவம். அவளுடைய அந்த வலது பக்கத்துக் கன்னம். பார்ப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"சீட்டை நான் வேணும்னு மாத்தல மச்சான்."

"அது இப்பத் தெரியுது."

"மன்னிச்சிடுங்க."

"அது அப்புறம்" என்றான் மச்சான். "மொத்தம் எத்தனை பேருக்கு இப்படி ஆயிருக்கு?"

அவன் எடுத்து வந்திருந்த பட்டியலைக் கொடுத்தான். காலிக் கட்டத்தோடு வந்தவர்கள் முப்பத்தொரு பேர். அதில் ஐந்து பேருக்கு அதிர்ஷ்டவசமாகப் பூஜ்யமே வந்திருந்தது. தப்பு லென்ஸ் இருபத்தாறு. திரும்பி வந்தவர்கள் பதினொரு பேர்; அவர்களுக்கு மாற்றிக் கொடுத்தாயிற்று. கண்டக்டருடையது இன்னும் கையில் இருக்கிறது.

"மிச்சம் பதினாலு பேர் வரவே இல்லையே?"

"வரல."

"போட்டுக்கிட்டு நடந்துட்டிருக்காங்களா?"

"பழகிட்டாங்க போல."

மச்சான் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தான். தட்டுகளை வரிசையாக எடுத்து வைக்க ஆரம்பித்தான். பதினான்கு எண்ணி வைத்தான். பிறகு பின்னால் கையை நீட்டி, கண்டக்டருக்காக இன்னொன்று எடுத்தான்.

"நீங்க போன் பண்ணுங்க. யார் தப்புன்னு சொல்லிப் பண்ணுங்க. பூசி மெழுகாதீங்க. இந்தப் பதினஞ்சையும் நான் அரைச்சிடறேன். அரைச்சு முடிக்கிற வரைக்கும் என்கிட்ட வேற எதுவும் கேக்காதீங்க."

"அதுக்கப்புறம் இருப்பீங்களா மச்சான்?"

"அதைத்தான் கேக்காதீங்கன்னேன்."

எந்திரம் ஓட ஆரம்பித்தது. அவன் தன் அறைக்கு வந்து கதவைத் திறந்தே வைத்துவிட்டு, பட்டியலில் முதல் எண்ணைப் போட்டான். வயதான குரல் ஒன்று எடுத்தது. கடையின் பேரைச் சொன்னான். நான்கு மாதத்துக்கு முன் வாங்கிய கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னான்.

"எதுக்குத் தம்பி? எனக்கு நல்லாத்தான் தெரியுது."

"இல்லைங்க. நல்லாத் தெரியாது. அது வேற ஒருத்தரோட நம்பர்."

"மொதல்ல படிக்கட்டு கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருந்துச்சு. வயசாயிடுச்சு, கண்ணு அவ்வளவுதான்னு விட்டுட்டேன்."

"உங்க கண்ணு நல்லா இருக்குங்க. தப்பு என்னோடது. நான்தான் எழுதினேன். எழுதிட்டு ஒரு தரம்கூடப் பாக்கல."

"படிக்கட்டு நேராவா இருக்கு?" என்றார் பெரியவர்.

"நேராத்தான் இருக்கு. நீங்க இன்னிக்கே வாங்க" என்றான். பட்டியலில் அவர் பேரை அடித்துவிட்டு, அடுத்த எண்ணைப் போட்டான்.